‘அகச்சிவப்பு கேமரா கிட்’ வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

குறைந்த செலவில் நீங்களே செய்துகொள்ளலாம் என்று விற்கப்படும் அகச்சிவப்பு கேமரா கிட் ஒன்றை வாங்கி ஏமாந்துவிட்டேன். இன்னொருவர் பணமும் இப்படிப் போகக் கூடாது.

சர்க்யூட் போர்டு பழுது பார்ப்பது என் வேலை. போர்டில் எந்த ஐசி (சில்லு) அளவுக்கு மீறிச் சுடுகிறது என்று கை வைக்காமலே தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. விளம்பரப் படத்தில் சூடான இடம் சிவப்பாகவும் குளிர்ந்த இடம் நீலமாகவும் அழகாகப் பிரிந்து தெரிந்தது. பல மாதம் சேர்த்த பணத்தைக் கட்டினேன்.

வந்தது ஒரு வெப்கேம் போர்டு, ஒரு லென்ஸ், ஒரு மென்பொருள். பொருத்தினேன், கலர் கலராகப் படம் வந்தது. டிவி ரிமோட்டை அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத அதன் அகச்சிவப்பு ஒளி முனையில் பளிச்சென்று தெரிந்தது. ரொம்பச் சந்தோஷம். அடுத்து, போர்டில் மின்னழுத்தத்தைச் சீராக்கும், தொட்டால் சுடும் ரெகுலேட்டர் ஒன்றைக் காட்டினேன். நீலமாகத் தெரிந்தது. பக்கத்தில் கிடந்த வெள்ளைக் காகிதம் சிவப்பாக இருந்தது! வெளிச்சமாக இருப்பதற்குச் சிவப்பும் இருட்டாக இருப்பதற்கு நீலமும் பூசிக்கொண்டிருந்தது அந்த மென்பொருள்.

சந்தேகம் தீர, ஒரே மாதிரி இரண்டு டம்ளர் எடுத்து ஒன்றில் கொதித்த தண்ணீர், இன்னொன்றில் பச்சைத் தண்ணீர் வைத்தேன். இரண்டும் ஒரே நிறம். விளக்கை அணைத்ததும் இரண்டும் காணாமல் போயின.

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி சுமார் 700 நானோமீட்டரோடு முடிகிறது. வெப்கேமின் சிலிக்கான் சென்சார் சுமார் 1100 வரை உணரும். அந்த மிச்சத்தைத் தடுக்கத்தான் உள்ளே ஒரு சின்ன வடிகட்டிக் கண்ணாடி இருக்கும். அதைப் பெயர்த்து எடுத்தால் அண்மை அகச்சிவப்பு கேமரா, அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஒட்டிய அகச்சிவப்பைப் பார்க்கும் கேமரா தயார். எனக்கு விற்றது அதைத்தான், அதுவும் சென்சார் ஓரத்தில் கீறலோடும் பசைத் தழும்போடும். வெந்நீரும் ஐசியும் வெளிவிடும் வெப்பக் கதிரில் வெப்பக் கேமரா பார்ப்பதோ 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரை (ஒரு மைக்ரோமீட்டர் என்பது 1000 நானோமீட்டர்), ஏறத்தாழ பத்து மடங்கு நீளமான அலை. சாதாரணக் கண்ணாடி அதை உள்ளேயே விடாது. கிட்டின் லென்ஸ் வழியே உங்கள் விரல் தெளிவாகத் தெரிகிறதா? அப்படியானால் அது வெப்பத்தைப் பார்க்காது. அதற்கான ஜெர்மேனியம் லென்ஸ் உலோகம் போல மின்னும், கண்ணால் ஊடுருவிப் பார்க்க முடியாது.

விற்றவரிடம் கேட்டேன். “அகச்சிவப்பு என்றுதானே போட்டிருக்கிறோம், வெப்பம் என்று எங்கே சொன்னோம்? ரிமோட் தெரிந்ததல்லவா?” என்றார். திரும்பப் போய்ப் பார்த்தேன். உண்மைதான், வெப்பம் என்ற சொல்லே இல்லை, அந்தப் படம் மட்டும்தான். பிரித்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். பிரித்துப் பொருத்தாமல் ஒரு கிட்டை எப்படிச் சோதிப்பது?

அண்மை அகச்சிவப்பு கேமராவை நான் குறை சொல்லவில்லை. பழைய வெப்கேமில் வடிகட்டியைக் கழற்றி, வெளிச்சம் பட்டுக் கழுவப்பட்டுக் கறுப்பாகிப்போன கலர் நெகட்டிவ் ஃபிலிம் துண்டை லென்ஸ் முன் வைத்தால் போதும், வெயிலில் இலைகளெல்லாம் வெள்ளை வெளேரென்று தெரியும். நானே பிறகு செய்தேன், ஒரு சாயங்கால வேலை.

வெப்பம்தான் பார்க்க வேண்டுமென்றால், சென்சாரின் பெயரையும் அலைநீளத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எம்எல்எக்ஸ்90640 போன்ற வெப்பச் சென்சாரில் 32×24, அதாவது 768 புள்ளிகள்தான். படம் மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் சூடு தெரியும். ஏற்கெனவே வாங்கியவர்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இன்றே அந்த இரண்டு டம்ளரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.