சமையல் மேடைக்குக் கல் வாங்கிய கதை: நிறம் அப்புறம், முதலில் அகலம்

அம்மா வீட்டு மேடை சரியாக 24 அங்குலம். போட்டபோது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. கீழே அலமாரி செய்து கதவு மாட்டியதும் கல்லும் கதவும் ஒரே நேருக்கு வந்துவிட்டன, மேடையைத் துடைக்கிற தண்ணீரெல்லாம் கதவில்தான் வழியும், இரண்டே வருடத்தில் பிளைவுட் ஓரம் ஊதிப்போனது. அதனால் எங்கள் வீட்டுக்கு கிரானைட் வாங்கக் கிருஷ்ணகிரி பக்கம் நெடுஞ்சாலை ஓர யார்டு ஒன்றுக்குப் போனபோது கையில் டேப்போடு போனேன்.

அங்கே இரண்டு வகை நிறுத்தி வைத்திருந்தார்கள். கட்டர் சைஸ் என்று சொல்வது 2 முதல் 3 அடி அகலம், நீளம் 7 அடியிலிருந்து 10 அடி சொச்சம் வரை. பெரிய ஸ்லாப் 5, 6 அடி அகலத்தில் 9, 10 அடி சொச்சம் நீளம், சதுர அடி விலையும் கூடுதல். கடைக்காரர் பெரியதைத்தான் தள்ளினார், "ஒரே கல்லா போட்டுடலாம் சார், ஜாயின்ட் தெரியாது" என்று.

எங்கள் சமையலறை எல் வடிவம், ஒரு பக்கம் 10 அடி, இன்னொரு பக்கம் 7 அடி. அலமாரி கதவோடு சேர்த்து 24 அங்குலம், கல் முன்னால் ஒன்றரை அங்குலம் நீட்டி நிற்க வேண்டும், ஆக 25.5. எவ்வளவு பெரிய ஸ்லாப் வாங்கினாலும் அதையும் இரண்டு பட்டையாக அறுத்து மூலையில் சேர்க்கத்தான் போகிறார்கள், ஜாயின்ட் எங்கே போகும்? பத்தரை அடிக்கு 5 அடி ஸ்லாப் என்றால் 52.5 சதுர அடிக்குப் பணம். 27 அங்குல அகலத்தில் கட்டர் கல் இரண்டு, பத்தரை அடி ஒன்றும் 7 அடி ஒன்றும் எடுத்தால் 39 சதுர அடி சொச்சம்தான். கறுப்புக் கல் என்பதால் கட்டரே எடுத்தேன். கோடும் அலையும் ஓடுகிற கல்லாக இருந்தால் பெரிய ஸ்லாப்புக்கே போயிருப்பேன், இரண்டு கட்டர் கல்லில் அந்த ஓட்டம் பொருந்தாது.

27 எதற்கு என்றால், சுவர் எங்கேயும் நேராக இருப்பதில்லை, பூச்சு அரை அங்குலம் உள்ளே வெளியே போகும். கட்டர் கல்லின் ஓரமும் உடைந்து உடைந்துதான் இருக்கும், இரண்டு முனையிலும் நடுவிலும் அளந்து குறைந்த அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். இந்த யார்டில் முதல் பில்லில் உடைந்த ஓரத்தையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். டேப்பை வைத்துக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் குறைத்தார்கள், அது நல்ல விஷயம், ஆனால் காட்டாவிட்டால் குறைத்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். கனத்தையும் ஸ்கேல் வைத்தே பாருங்கள், 18 மில்லிமீட்டர் என்று சொன்ன வரிசையில் 16 இருந்தது. கறுப்புக் கல்லுக்குச் சாயம் ஏற்றுவதும் உண்டு, வெள்ளைத் துணியை அசிட்டோனில் (நகச்சாயம் அழிக்கிற திரவம்) நனைத்துத் தேய்த்தால் தெரிந்துவிடும். எங்கள் கல்லில் துணி வெள்ளையாகவே இருந்தது.

ஏற்றும்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. பத்தரை அடி கல் 100 கிலோவைத் தாண்டும், அதை வண்டியில் படுக்க வைக்கப் பார்த்தார்கள். படுக்க வைத்த கல் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கினாலே நடுவில் விரிசல் விட்டுவிடும். நிறுத்திச் சாய்த்துக் கட்டச் சொல்லி அங்கேயே நின்றேன்.

கல்லுக்கு இந்த யார்டைத் தாராளமாகச் சொல்வேன், ஃபிட்டிங்குக்குச் சொல்ல மாட்டேன். அவர்கள் அனுப்பிய ஆள் சிங்க் வெட்டும்போது மூலையில் வெட்டும் மெஷினைக் கோட்டுக்கு வெளியே ஓட்டிவிட்டார், விரிசல் கிளம்புவது அந்த இடத்திலிருந்துதான். அடுப்புக்கு வெட்டும்போது முதலில் நான்கு மூலையிலும் துளை போட்டுவிட்டு அப்புறம் வெட்டுங்கள் என்று நான்தான் சொன்னேன். சிங்க் மூலைக்கு அடியில் கடப்பா கல் தாங்கு கொடுத்திருக்கிறோம், இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

மிச்சத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பணம் கொடுத்தது நீங்கள். மூலையை நீளக் கல்லே மூடிவிட்டதால் 7 அடி கல்லில் மிஞ்சிய 2 அடித் துண்டுதான் இப்போது எங்கள் குளியலறைத் தட்டு.