பாதியில் எழுந்து போனாலும் கெடாத கைவேலை எது? குவில்லிங், பாப்-அப், ஒரிகாமி, பழைய கல்யாணப் பத்திரிகை

வீட்டு வேலைக்கு நடுவே கைவேலை செய்பவர்களுக்கு நேரம் கிடைக்கத்தான் செய்யும், ஆனால் துண்டு துண்டாகக் கிடைக்கும். உலை கொதிப்பதற்குள் பத்து நிமிடம், பிள்ளை டியூஷன் போய்த் திரும்புவதற்குள் ஒரு மணி நேரம், இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு கொஞ்சம். செய்யும் இடமும் சாப்பாட்டு மேசைதான். தட்டு வைக்கும் நேரம் வந்தால் எல்லாவற்றையும் வாரி எடுத்துவிட வேண்டும். யூடியூப் வீடியோக்களில் வரும் வாழ்த்து அட்டைகள் பெரும்பாலும் தனி மேசையும் தொந்தரவில்லாத மூன்று மணி நேரமும் உள்ளவர்களுக்கானவை. அதனால் எந்தக் கைவேலை அழகு என்று கேட்பதற்கு முன்னால், எதைப் பாதியில் போட்டுவிட்டுப் போனாலும் திரும்பி வந்து விட்ட இடத்திலேயே தொடரலாம் என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் கண்ணோடு வாழ்த்து அட்டை செய்யும் நான்கு வழிகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கிறேன்.

குவில்லிங்

மெல்லிய காகிதத் துண்டுகளைச் சுருட்டிப் பூவும் இலையும் செய்வது. ஐரோப்பியக் கன்னிமடங்களில் இருந்த துறவிகள், தங்கப்பூச்சு பூசிய புத்தக ஓரங்களை வெட்டி இறகுத் தண்டில் சுருட்டி அலங்காரம் செய்தார்கள். நம் ஊரில் இது காகிதச் சுருளில் செய்யும் ஜிமிக்கி வழியாகத்தான் வீட்டுக்கு வீடு நுழைந்தது. ஃபேன்சி ஸ்டோரில் 3, 5, 7, 10 மில்லிமீட்டர் அகலங்களில் துண்டுகள் கிடைக்கும். முதல்முறை அட்டை செய்பவர்கள் 5 மி.மீ. வாங்குங்கள், 3 மி.மீ. கைக்குள் அடங்க நாளாகும். சுருட்டும் ஊசி இல்லையென்றால் ஊதுவத்திக் குச்சியின் நுனியை பிளேடால் பிளந்துகொண்டால் போதும்.

துண்டின் ஒரு நுனியைப் பிளவில் செருகி, மறு கையின் ஆள்காட்டி விரலால் லேசாக இழுத்துப் பிடித்தபடி சுருட்ட வேண்டும். இழுப்பு ஒரே சீராக இல்லாவிட்டால் சுருள் ஒரு பக்கம் இறுகி இன்னொரு பக்கம் தொளதொளவென்று ஆகிவிடும். கழற்றி, வட்ட வட்டமாகக் குழி உள்ள அளவுப் பலகையின் ஒரு வட்டத்துக்குள் விட்டால் அது தன் போக்கில் விரிந்து நிற்கும். அப்புறம் வால் நுனியில் பல்குத்தும் குச்சியால் ஒரு பொட்டு பசை. பத்து எண்ணும் வரை விடாமல் பிடி. ஒரு பக்கத்தைக் கிள்ளினால் இதழ், இரண்டு பக்கமும் கிள்ளினால் இலை. சுருளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இங்கேதான் குவில்லிங்கின் பெரிய பலம் இருக்கிறது. ஒரு சுருளுக்கும் அடுத்த சுருளுக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். ஃபோனில் அம்மாவோடு பேசிக்கொண்டே சுருட்டலாம், சீரியல் பார்த்துக்கொண்டே சுருட்டலாம். பயன்படாமல் கிடக்கும் அஞ்சறைப் பெட்டி ஒன்று இருந்தால் அதன் கிண்ணங்களில் நிறம் நிறமாகச் சேர்த்துவைக்கலாம். ஒரு வாரம் கழித்துத் திறந்தாலும் அப்படியே இருக்கும்.

சிக்கல் ஒட்டும் கட்டத்தில். முப்பது நாற்பது சுருள்களை அட்டையில் பரப்பி, இது இங்கே அது அங்கே என்று நகர்த்திப் பார்க்கும்போது மின்விசிறி ஓடக்கூடாது. சித்திரை வெயிலில் விசிறியை நிறுத்திவிட்டு எவ்வளவு நேரம்தான் உட்கார முடியும்? பாதியில் கூப்பிட்டால் பரப்பியதெல்லாம் கலையும். இதற்கு ஒரே வழி, பரப்பி முடித்தவுடன் மொபைலில் மேலிருந்து ஒரு படம் எடுத்துவைப்பது. படம் கையில் இருந்தால் மறுநாளும் அதே அமைப்பைக் கொண்டுவந்துவிடலாம். கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு: மழைக்காலத்து ஈரக்காற்றில் காகிதம் தளர்ந்து சுருள்கள் தொங்கும். முடித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போடுவது நல்லது.

பாப்-அப் அட்டை

திறந்தவுடன் உள்ளிருந்து எழுந்து நிற்கும் அட்டை. குழந்தைகளை இதைப்போல் மயக்குவது வேறில்லை. ஜப்பானியக் கட்டடக்கலைஞர் மசாஹிரோ சடானி 1981-இல் தொடங்கி ஒற்றைத் தாளில் கட்டடங்களையே எழுப்பிக் காட்டினார். நமக்கு அவ்வளவு வேண்டாம். தாளை மடித்து, மடிப்பிலிருந்து சம நீளத்தில் இரண்டு வெட்டு வெட்டி, நடுப்பகுதியை உள்பக்கமாகத் தள்ளினால் ஒரு சின்ன மேடை எழும். அதன் முகப்பில் பொங்கல் பானையோ பிறந்தநாள் கேக்கோ ஒட்டினால் அட்டை தயார்.

ஆனால் அளவு தப்பினால் மூடும்போது துருத்திக்கொண்டு வெளியே வரும். அரை ஏ4 தாளை மடித்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 10.5 செ.மீ. அகலம். மடிப்பிலிருந்து வெட்டும் நீளம் 5 செ.மீ. என்றால், அட்டையை மூடும்போது மேடையின் விளிம்பு அதன் இரண்டு மடங்கு, அதாவது 10 செ.மீ. வரை போய் நிற்கும்; அரை செ.மீ. மட்டும் மிச்சம். மேடையில் ஒட்டுகிற படம் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால், வெட்டை 3 அல்லது 3.5 செ.மீ.யோடு நிறுத்துவதே பாதுகாப்பு.

தாளும் பேசும். ஜெராக்ஸ் எடுக்கும் தாள் 75, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு); நிற்கத் தெம்பு இருக்காது. 300 ஜிஎஸ்எம் அட்டையோ மடிப்பில் வெடித்து உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும். 160 முதல் 220 வரை எடுத்தால் சரியாக இருக்கும். மில் காகிதத்துக்கு ஒரு ஓட்டம் உண்டு. நார்கள் ஒரே திசையில் படுத்திருக்கும். தாளை மடிக்காமல் இரண்டு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்தப் பக்கம் மடித்தால் மடிப்பு கத்தி போல விழும். மடிக்கும் கோட்டை முதலில் மை தீர்ந்த ரீஃபிலால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கீற வேண்டும். அப்புறம் மடித்து, கரண்டியின் முதுகால் ஒரு தேய்ப்பு.

பாதியில் எழுந்து போகிற வீட்டுக்கு இது ஒத்துவருமா? அளந்து கோடு போடும்போது கூப்பிட்டால் கணக்கு விட்டுப்போகும். அதைவிட, கட்டர் பிளேடை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போக முடியாது. தவழும் குழந்தையோ நான்கு வயதுப் பிள்ளையோ இருக்கும் வீட்டில் பிளேடு வேண்டிய பாப்-அப் வேலையை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். மேலே சொன்ன மேடை அட்டைக்கு பிளேடு தேவையில்லை. மடித்த தாளைக் கத்தரிக்கோலால் வெட்டினால் போதும். பிள்ளைகள் நுனி மழுங்கிய கத்தரிக்கோலை வைத்துத் தாங்களே வெட்டலாம்.

ஒரிகாமி

தாளை மடித்து மடித்தே உருவம் செய்யும் ஜப்பானியக் கலை. பசை வேண்டாம், கத்தரி வேண்டாம், பேருந்தில்கூடச் செய்யலாம். பாதியில் விட்டால் ஒரு புத்தகத்துக்குள் செருகிவைத்துவிடலாம். ஜப்பானிய ஒரிகாமிக் கலைஞர் அகிரா யோஷிசாவா உருவாக்கிய புள்ளிக்கோடு, அம்புக்குறி முறை இன்று உலகம் முழுக்கப் புழங்குவதால், எந்த நாட்டு வரைபடம் கிடைத்தாலும் மொழி தெரியாமலே மடிக்க முடிகிறது. 15 செ.மீ. சதுரத் தாள் வழக்கம். தனியாக வாங்க வேண்டியதில்லை, ஒரு பக்கம் நிறமும் மறுபக்கம் வெள்ளையுமான பரிசுப்பொருள் சுற்றும் தாள் நன்றாகவே மடியும்.

இருந்தும் வாழ்த்து அட்டை என்று வரும்போது ஒரிகாமி துணை நடிகர்தான். தட்டையாக அமரும் டியூலிப் பூ, சட்டை, இதயம் ஆகியவைதான் அட்டையில் ஒட்டத் தோதானவை. கொக்கு அழகாக இருக்கும், ஆனால் உறைக்குள் போனால் நசுங்கும். ஒன்பதாவது மடிப்பில் விட்டுவிட்டுப் போனவர் திரும்பி வந்து பத்தாவது எது என்று தேடும் தலைவலியும் உண்டு.

பழைய கல்யாணப் பத்திரிகை

நான்கில் எனக்குப் பிடித்தது இதுதான், காசு மிச்சம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நம் வீடுகளில் பரணிலோ அலமாரியின் அடித்தட்டிலோ ஒரு கட்டுப் பத்திரிகை எப்போதும் இருக்கும். தடித்த அட்டை, பொன் தகடு ஒட்டிய ஓரம், புடைத்து நிற்கும் மயில், வெல்வெட் பூசிய உறை. சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் இந்தத் தரத்தில் வெற்று அட்டை வாங்கப் போனால் கணிசமாகச் செலவாகும்.

தூக்கிப் போடவும் மனம் வராது. முகப்பில் பிள்ளையார் இருப்பார், மூலையில் மஞ்சள் தடவியிருக்கும், உள்ளே நாம் வாழ்த்திய இருவரின் பெயர்கள் இருக்கும். நான் கடைப்பிடிப்பது இது: முதலில் சாமி படத்தை முழுதாக வெட்டியெடுத்துத் தனி உறையில் போட்டுவிடுவேன். கிரகப்பிரவேசத்துக்கோ பூஜைக்கோ அட்டை செய்யும்போது அது முகப்பிலேயே போகும், வேறெதற்கும் தொடமாட்டேன். பெயர்கள் அச்சான பக்கத்தை வெட்டுவதில்லை. ஓரங்கள், பூவேலை, உறையின் உள்புறத் தாள் இவைதான் என் மூலப்பொருள்.

வேலை இயல்பாகவே மூன்றாகப் பிரிந்துவிடுகிறது: வெட்டிச் சேர்ப்பது, பொருத்திப் பார்ப்பது, ஒட்டுவது. மூன்றையும் மூன்று வெவ்வேறு நாட்களில் செய்யலாம். வெட்டிய துண்டுகள் ஒரு உறைக்குள் அடங்கும். தடித்த அட்டை என்பதால் விசிறிக்குப் பறக்காது. பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். “அம்மா, தாத்தாவுக்கு அந்த மயில நான் ஒட்டுறேன்” என்று கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம், மயில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலும் தாத்தா சந்தோஷப்படுவார். முப்பது சுருள் வைத்த குவில்லிங் அட்டையை ஐந்து வயதுப் பிள்ளை கையில் கொடுக்க யாருக்கும் துணிவு வராது.

ஒரே குறை: பளபளப்புப் பூச்சுள்ள அட்டையில் சாதாரணப் பசை பிடிக்காது, காய்ந்ததும் உரிந்து வரும். ஒட்டும் பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் இருபக்க டேப் போடுங்கள்.

அடி அட்டை, பசை

எந்த வழியானாலும் அடியில் ஒரு அட்டை வேண்டும். சார்ட் மலிவு, ஆனால் வளையும், வெயில்பட்டால் சில நிறங்கள் சீக்கிரம் வெளுக்கும். என் ஓட்டு, மில்லில் அல்லாமல் கையால் செய்யும் கைக்காகிதத்துக்கு. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் பருத்தித் துணிக் கழிவிலிருந்து காகிதம் செய்துவருகிறது. தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா, 1934-இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் வழியாக இந்தத் தொழிலுக்கு உயிர் கொடுத்தவர்களில் ஒருவர். மில் தாளைப்போல் இதில் நார்கள் ஒரே திசையில் படுத்திருக்காது, எந்தப் பக்கம் மடித்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓரம் நேராக இல்லாமல் பிசிறாக இருப்பதே அதன் அழகு. வெட்டும் வேலையும் மிச்சம். வாழ்த்தை எழுதும் முன் ஒரு மூலைத் துண்டில் பேனாவைச் சோதித்துப் பாருங்கள். சில தாள்களில் மை ஊறிப் பரவும், அங்கே பால்பாயிண்ட்தான் கை கொடுக்கும்.

பசையில் வெள்ளை ஃபெவிகால் பிடிப்பு அதிகம், ஆனால் அதில் நீர் இருப்பதால் அள்ளிப் பூசினால் தாள் சுருங்கி அலையடிக்கும். பொட்டு பொட்டாக வைக்கவேண்டும். பசைக்குச்சி சிறுவர்களுக்கு நல்லது. மூடியைத் திறந்துவைத்துவிட்டுப் போனால் காய்ந்துவிடும். எழுந்து எழுந்து போகிறவர்களுக்கு இருபக்க டேப்பை மிஞ்சியது இல்லை. ஒட்டியவுடன் ஒட்டியதுதான், காயக் காத்திருக்க வேண்டாம். மைதா பசை மட்டும் வேண்டாம். ராமபாணப் பூச்சியும் கரப்பானும் தேடி வரும். அதைத் தடுக்க அந்தக் காலத்தில் சேர்த்த மயில்துத்தம் விஷம், பிள்ளைகள் புழங்கும் மேசைக்கு ஆகாது.

யாருக்கு எது

கைக்குழந்தை இருக்கும் வீடென்றால் பத்திரிகைத் துண்டு அட்டை, கூடவே ஒரிகாமி. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் என்றால் கத்தரிக்கோல் பாப்-அப். அவர்களுக்கு அது விளையாட்டுமாகும். மதியம் வீடு அமைதியாகிவிடும், கையும் ஓயாமல் இருக்க வேண்டும் என்பவர்கள் குவில்லிங் பக்கம் தாராளமாகப் போகலாம். ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்று என்னைக் கட்டாயப்படுத்தினால், கைக்காகித அடி அட்டை, அதன்மேல் பத்திரிகையின் பொன் ஓரம், ஓரத்தில் மூன்றே மூன்று குவில்லிங் பூ. பார்வைக்கும் நிறைவு, பாதியில் விட்டாலும் எதுவும் கெடாது.

தபாலில் அனுப்புவதாக இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். சாதாரணக் கடிதத்துக்கு 20 கிராம் வரை ஒரு கட்டணம், அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் கூடுதல். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆக 240 ஜிஎஸ்எம் அட்டை முழு ஏ4 என்றால் 15 கிராம், அதில் பாதி 7.5 கிராம். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாளில் செய்த உறை 5 கிராம். மொத்தம் 12.5, அலங்காரத்துக்கு 7 கிராமுக்குச் சற்று மேல் மிச்சம் இருக்கிறது. பத்திரிகைத் துண்டுகளை இரண்டடுக்குக்கு மேல் ஒட்டினால் அது சீக்கிரம் கரைந்துவிடும். குவில்லிங் பூ வைத்த அட்டையில் தபால் முத்திரை ஓங்கி விழுந்தால் பூ தட்டையாகிவிடும். அதை ஊருக்குப் போகும்போது கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். பொங்கலுக்கு அனுப்ப நினைப்பவர்கள் சுருள்களையும் துண்டுகளையும் கார்த்திகையிலேயே சேர்த்துவைத்து, மழை விட்ட மார்கழி நடுவில் ஒட்டி, மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே தபாலில் சேர்த்துவிடுவது நல்லது.