கண்குழிக் கூரையைத் தடித்துக் காட்டும் மண்டையோட்டு மாதிரி

உடற்கூறியல் வகுப்பில் கண்குழியை விளக்குவதற்காக, உச்சி ஓடு தனியே கழலும் இயல்பளவிலான பிளாஸ்டிக் மண்டையோடு ஒன்றை ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கண்குழியின் மற்ற மூன்று சுவர்களைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. கூரையைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் நிறைகள். நெற்றி எலும்பின் கண்குழித் தகடும் அதற்குப் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்திலுள்ள ஸ்பீனாய்டு எலும்பின் சிறு இறக்கையும் சேர்ந்தே கூரை ஆகிறது என்பதை, இடையிலுள்ள பொருத்துக்கோட்டைச் செதுக்கியிருப்பதால், மாணவர் விரல் வைத்தே உணரலாம். மேல்விளிம்பில், உட்பக்கத்து மூன்றில் ஒரு பங்கு முடியுமிடத்தில், மேற்கண்குழி நரம்பு வெளியேறும் வெட்டும் சரியாக அமைந்திருக்கிறது. நெற்றியை மரத்துப்போகச் செய்யும் ஊசியை எங்கே போடுவது என்று அதை வைத்தே காட்டிவிடலாம். வெளிப்பக்கம் கண்ணீர்ச் சுரப்பிக்கான ஆழமற்ற பள்ளமும் உண்டு. பின்கோடியில் பார்வை நரம்பும் கண் தமனியும் செல்லும் கால்வாயில் கம்பியைச் செருகினால், அது மண்டையோட்டுக்குள் தலைகாட்டுகிறது.

உட்பக்க முன்மூலையில், விளிம்புக்குச் சற்றே பின்னால், கண்ணை அசைக்கும் தசைகளுள் ஒன்றான மேல்சாய்தசையின் தசைநாண் வளைந்து திரும்பும் குருத்தெலும்புக் கப்பி பொருந்தும் சிறு குழியை மட்டும் மறந்துவிட்டார்கள். அந்த இடத்தில் அடிபட்டால் இரட்டைப் பார்வை வரக்கூடும் என்பதால் இதைச் சிறிய குறையாக நான் எண்ணவில்லை.

இருப்பினும் பெருங்குறை தடிமன்தான். உண்மையான மண்டையோட்டின் உச்சியைக் கழற்றி விளக்குக்கு எதிரே பிடித்தால் கூரையின் ஊடே ஒளி கசியும்; முதியோர் சிலருக்கு அங்கங்கே எலும்பே தேய்ந்து மறைந்து, கண்குழியின் எலும்புச்சவ்வு மூளையுறையான டியூராவோடு நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும். இந்த மாதிரியிலோ கூரை ஒரு பலகைபோல் இருக்கிறது. அதைத் தொட்டுப் பழகிய மாணவர், மேலிமையில் பென்சில் குத்திய சிறு காயத்தைத் தையலோடு முடித்துவிடலாம் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா? அந்தக் கூர்முனை மெல்லிய தகட்டைத் துளைத்து மூளையின் முன்மடலை எட்டியிருக்கக்கூடும். நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறை இன்னும் வளராத சிறு குழந்தைகளுக்கு, நெற்றியில் விழும் அடியின் விசை தடுப்பின்றிக் கூரைக்கே செல்வதால், இங்கு எலும்பு முறிவது பெரியவர்களைவிட எளிது. முறிந்த துண்டு கீழிறங்கினால் கண் பிதுங்கும், சில வேளை மூளையின் துடிப்புக்கேற்பத் தானும் துடிக்கும். டியூரா கிழிந்தால் மூளைத்தண்டுவட நீர் கசியும்.

ஆகவே எலும்புகளின் பெயர்களையும் துளைகளையும் கற்க இதை வாங்கலாம். கூரையின் இயல்பைக் காட்ட, இதனருகில் முகத்துக்கு இணையான தளத்தில் எடுத்த சி.டி. படம் ஒன்றை வைத்தே நான் பாடம் நடத்துகிறேன். கிடைமட்ட வெட்டுகள் கூரையின் போக்கிலேயே செல்வதால் மெல்லிய முறிவு அவற்றில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.