கார்வெட் சி5 முகப்பு விளக்குக்கான பித்தளைப் பற்சக்கரம்

1997 முதல் 2004 வரை வெளிவந்த கார்வெட் சி5 காரில் முகப்பு விளக்குகள் முன்மூடிக்குள் மறைந்திருந்து, மோட்டாரால் மேலெழும். விளக்கு மேலெழாமல் மோட்டார் மட்டும் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தால், மின்சாரம் சரியாக வருகிறது என்பதும் உள்ளிருக்கும் நைலான் பற்சக்கரம் தேய்ந்துவிட்டது என்பதும் பெரும்பாலும் உறுதி. ஓசையே இல்லையென்றால் ஃபியூஸையும் ரிலேயையும் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) முதலில் சோதிக்க வேண்டும்; அதற்கு இந்தப் பித்தளைப் பற்சக்கரம் உதவாது.

மோட்டாரைக் கழற்றி, பழைய கிரீஸையும் உதிர்ந்த நைலான் துகள்களையும் முழுமையாகத் துடைத்தெடுத்த பிறகே பித்தளைச் சக்கரத்தைப் பொருத்த வேண்டும் என்பதால், புதிய கிரீஸை உடன் வைக்காதது குறையே. ஆயினும் முழு மோட்டாரையும் மாற்றுவதைவிட இது சிக்கனமானது. விளக்கு இப்போது தடுமாறாமல் எழுகிறது. பாகம் வந்து சேரும்வரை, மோட்டாரின் குமிழைக் கையால் திருகி விளக்கை உயர்த்தி வைத்துக்கொள்ளலாம்.