தூண்டில் பையில் ஒரு காற்றழுத்தமானி: ஆறு வருட அனுபவம்

ஆறு வருடமாக என் தூண்டில் பையில் உள்ளங்கை அளவு காற்றழுத்தமானி ஒன்று இருக்கிறது. முள் வைத்தது, பேட்டரி வேண்டாத ரகம். கூடவே ஒரு நோட்டு. கரைக்குப் போனதும் தூண்டிலை எறிவதற்கு முன்பே அழுத்தம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், வானம் எப்படி என்று எழுதிவிடுவேன். கிளம்பும்போது மறுபடி ஒரு தடவை. எந்த மீன், எந்த ஆழத்தில், எந்த இரைக்கு என்பதும் அதிலேயே இருக்கும். நான் பிடிப்பதெல்லாம் ஏரி, அணை, ஆற்று மடு என்று நன்னீரில்தான். அதனால் இங்கே சொல்வது நன்னீருக்கு மட்டும்.

இதை வாங்க வைத்தது தூண்டில்காரர்களிடையே புழங்கும் ஒரு நம்பிக்கை. அழுத்தம் இறங்கும்போது மீன் நன்றாகக் கடிக்கும், ஏறிவிட்டால் வாயே திறக்காது என்பார்கள். மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை அழுத்தத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்குகிறது, அதனால்தான் இந்த மாற்றம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். முதல் வருடம் முழுக்க அதை அப்படியே நம்பினேன்.

நம்பிக்கை ஆட்டம் கண்டது ஒரு எளிய கணக்கில். ஒரு சென்டிமீட்டர் ஆழத் தண்ணீர் தரும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு மில்லிபார் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). வானிலை கெடும்போது ஒரே நாளில் 10 மில்லிபார் இறங்கினால் அது பெரிய இறக்கம். மீனுக்கு அது பத்து சென்டிமீட்டர் மேலே நீந்தியதற்குச் சமம், அவ்வளவுதான். இரண்டு மீட்டர் அடியில் சேற்றைக் கிளறும் கெண்டை மேலே வந்து ஒரு பூச்சியைக் கவ்விவிட்டுத் திரும்பினால், போக 200, வர 200 மில்லிபார் மாற்றத்தைச் சந்திக்கிறது. அதை ஒரு நாளில் எத்தனையோ முறை செய்யும் மீன், 10 மில்லிபாருக்காகப் பட்டினி கிடக்குமா?

இதனால் மீனுக்கு அழுத்தமே தெரியாது என்று நான் சொல்லவில்லை. கெண்டை, கெளுத்தி இனங்களில் காற்றுப்பையையும் உட்காதையும் இணைக்கும் சிறு எலும்புகள் இருக்கின்றன. அந்த மீன்களின் கூர்மையான செவிக்கு அவைதான் காரணம். ஐரோப்பாவில் அயிரைக்கு உறவான ஒரு மீனுக்கு ‘வானிலை மீன்’ என்றே பெயர். புயலுக்கு முன் நிலைகொள்ளாமல் அலையும் என்பதால் வந்த பெயர் அது. உணர்வது வேறு, பசி போவது வேறு. முதலாவதை ஏற்கிறேன். இரண்டாவதற்கு என் நோட்டில் ஆதாரம் இல்லை.

நோட்டு சொன்னது வேறொரு கதை. எனக்கு நல்ல கடி கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் மாலை ஐந்துக்கு மேல். பக்கத்தில் எழுதியிருக்கும் அழுத்தமோ, கரைக்கு வந்தபோது இருந்ததைவிடக் குறைவு. அழுத்தம் இறங்கினால் கடிக்கிறது என்ற விதி உறுதியாகிவிட்டதாகவே நினைத்தேன். ஆனால் கடியே இல்லாத நாட்களிலும் அதே இறக்கம் இருந்தது. மேகம் ஒன்றுகூட இல்லாத நாளிலும் இருந்தது. காரணம் தேடியபோதுதான் காற்று மண்டலத்துக்கும் கடலைப் போல ஏற்றவற்றம் உண்டு என்று தெரிந்தது. சூரிய வெப்பத்தால் உண்டாவது. காலை பத்து மணி வாக்கில் அழுத்தம் உச்சத்துக்குப் போகும், மாலை நான்கு வாக்கில் அடிக்கு வரும். இரவு பத்துக்கு ஓர் உச்சம், விடியற்காலை நான்குக்கு ஒரு பள்ளம். வெப்பமண்டலத்தில் பகல் நேர ஏற்ற இறக்கமே மூன்று நான்கு மில்லிபார் இருக்கும். நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக இது சிறுத்துப்போகும்.

நான் வானிலை மாற்றம் என்று எழுதி வைத்திருந்ததில் பாதிக்கு மேல் இந்த அன்றாட மூச்சுதான். மாலையில் மீன் கடித்தது வெளிச்சம் மங்கியதால். அதற்குப் பிறகு இன்றைய நான்கு மணியை நேற்றைய நான்கு மணியோடு மட்டுமே ஒப்பிடுகிறேன். காற்றழுத்தமானி வாங்க நினைப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இன்னொரு குழப்பம் உயரம். எட்டு மீட்டர் மேலே போனால் ஏறக்குறைய ஒரு மில்லிபார் குறையும். கடல் மட்டத்தில் சராசரி 1013 மில்லிபார் என்றால், 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் அணையில் 965 சுற்றித்தான் காட்டும். வானிலைச் செயலிகள் பொதுவாக அதைக் கடல் மட்டத்துக்குக் கணக்கிட்டு மாற்றிச் சொல்லும். கைபேசிக்குள் இருக்கும் உணரியோ நிற்கும் இடத்து அழுத்தத்தை அளக்கும். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதி முதல் வருடப் பக்கங்கள் பலவற்றை நான் இழந்தேன். எண் எதுவானாலும் பரவாயில்லை, ஒரே கருவியில், ஒரே இடத்தில் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே பயன்படும்.

அப்படியானால் மோடம் போடும் நாளில் மீன் ஏன் எடுக்கிறது? அழுத்தம் இறங்கும்போது அதோடு சேர்ந்து வருபவைதான் வேலை செய்கின்றன என்பது என் முடிவு. மேகம் வெளிச்சத்தைக் குறைக்கிறது. காற்று தண்ணீரின் முகத்தைக் கலைக்கிறது. கரையில் நிற்கும் ஆளின் நிழல் மீனுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. மேல்மட்டத்தில் மிதக்கும் பூச்சியும் நுண்ணுயிரும் காற்று அடிக்கும் கரைக்கு ஒதுங்குகின்றன, அவற்றைத் தேடிச் சிறு மீன் வருகிறது, அதைத் தேடி விரால் வருகிறது. அந்தக் கரையில் நின்றால் முகத்தில் காற்று அடிக்கும், தூண்டிலைத் தூரமாக எறிய முடியாது. இருந்தும் என் நல்ல நாட்கள் அங்கேதான் அமைந்தன.

மழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும் மறுநாள், அழுத்தம் ஏறியிருக்கும், காற்று அசையாது, வெயில் அடிவரை இறங்கும். அன்று மீன் கரையோரம் இருக்காது. பாசிக்குள்ளும் ஆழத்திலும் ஒண்டிவிடும். சிறு தூண்டில் முள், மெல்லிய தூண்டில் நரம்பு, சின்ன மண்புழு, நீண்ட பொறுமை என்று போனால் சில கடிகள் கிடைக்கின்றன. தெளிந்த வானத்தின் கீழ் ஓர் இரவு ஆழமில்லாத குளத்தை நன்றாகவே குளிர வைத்துவிடும். மீனின் உடல் வெப்பம் தண்ணீரின் வெப்பம்தான் என்பதால் செரிமானமும் சேர்ந்து மந்தமாகிறது.

ஆக்சிஜன் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். காற்றழுத்தம் 10 மில்லிபார் குறைந்தால் தண்ணீர் தாங்கக்கூடிய ஆக்சிஜனில் ஒரு சதவீதம்தான் குறையும். ஆனால் 20 பாகை செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம் தாங்கும் நன்னீர், 30 பாகையில் 7.5 தான் தாங்கும். பாசி மண்டிய பச்சைக் குளத்தில் மூன்று நாள் தொடர்ந்து மூடாக்காக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பகலில் பாசி ஆக்சிஜன் உண்டாக்குவது குறையும், இரவில் அதுவும் சேர்ந்து மூச்சு விடும். விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். நிறைய மீன் மேலே தெரிகிறதே என்று அப்போது தூண்டில் போடாதீர்கள். அவை இரை தேடவில்லை, மூச்சுக்குத் தவிக்கின்றன. பிடித்துத் திரும்ப விட்டாலும் பிழைப்பது கஷ்டம். இதையெல்லாம் பார்த்த பிறகு வாங்கிய தண்ணீர் வெப்பமானிதான் இன்று என் பையில் முதல் இடம் பெறுகிறது. இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துப் போகலாம் என்றால் வெப்பமானியை எடுப்பேன்.

கருவியைப் பற்றி. உள்ளே காற்று உறிஞ்சப்பட்ட மெல்லிய உலோகப் பெட்டி ஒன்று அழுத்தத்துக்கு ஏற்ப நெளிந்து முள்ளை நகர்த்துகிறது. 1844-இல் லூசியன் விடி காப்புரிமை பெற்ற அமைப்பு, இன்றும் அதே தத்துவம். நனைந்தாலும் வேலை செய்கிறது. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் சூடாகிவிட்டால் சற்று மாற்றிக் காட்டும், நிழலில் கால் மணி நேரம் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஒருமுறை பாறையில் விழுந்ததில் மூன்று மில்லிபார் தள்ளிப்போனது. பின்பக்கத் திருகில் சரிசெய்துகொண்டேன். கடந்த சில மணி நேரத்து வரைபடம் காட்டும் கைக்கடிகாரம் இதைவிட வசதி என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது மூன்று மணி நேர மாற்றத்தை மட்டும் பார்க்கிறேன், வானிலை நிலையங்களும் அப்படித்தான் குறிக்கின்றன. அந்த மாற்றத்தை நேற்று அதே மூன்று மணி நேரத்தில் இருந்ததோடு ஒப்பிட்டு, ஒரு மில்லிபார் கூடுதலாகக் குறைந்தால் கண்டுகொள்வதில்லை. மூன்று நான்கு கூடுதலாகக் குறைந்தால் காற்றடிக்கும் கரைக்கு இடம் மாறுவேன், ஒரு கண் வானத்தில் இருக்கும். கடி சூடுபிடிக்கும் அந்த நேரமும் இடி இறங்கும் நேரமும் ஒட்டியே வருகின்றன. கார்பன் இழைத் தூண்டில் கம்பு மின்சாரத்தைக் கடத்தும்.

போன மாதம் அப்படி ஒரு மாலை. நான்கு மில்லிபார் இறங்கியிருந்தது, அரை மணிக்குள் மூன்று நல்ல ஜிலேபி மீன். மின்னல் வெட்டியது. நொடிகளை எண்ணத் தொடங்கினேன், இருபதில் இடி கேட்டது. அப்படியென்றால் ஏழு கிலோமீட்டருக்கும் குறைவு. முப்பதுக்குள் கேட்டால் கரையில் நிற்பதில்லை, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் திரும்புவதும் இல்லை என்று வைத்திருக்கிறேன். தக்கை அப்போதும் துள்ளிக்கொண்டுதான் இருந்தது. நரம்பைச் சுற்றிக் கம்பைப் படுக்க வைத்துவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்து, நோட்டில் நேரத்தை எழுதினேன்.