ஒரு மாதத்தில் நாவல்: முறை நல்லது, அந்த 50,000 நமக்கு ஒத்துவராது

மாத நாவல் சவாலை நடத்திவந்த நானோரைமோ அமைப்பு, மூடப்போவதாக 2025 மார்ச் இறுதியில் அறிவித்தது. அதற்குப் பிறகும் "இந்த நவம்பரில் எழுதிப் பார்க்கலாமா?" என்று கேட்பவர்கள் குறையவில்லை. தாராளமாக எழுதலாம். 1999 ஜூலையில் கிறிஸ் பேட்டி என்ற அமெரிக்க எழுத்தாளரோடு சேர்த்து 21 பேர் ஆரம்பித்தது இது. நவம்பருக்கு மாறியது அடுத்த ஆண்டு. அமைப்பு போனாலும் முறை அப்படியேதான் இருக்கிறது.

விதி எல்லோருக்கும் தெரியும்: 30 நாள், 50,000 சொல், நாளுக்கு 1,667. எரிச்சலும் இங்கேதான் தொடங்குகிறது. வேர்ட் கவுண்ட் இடைவெளியை வைத்துத்தான் எண்ணுகிறது. "பார்த்துக்கொண்டிருந்தான்" ஒரு சொல். "பார்த்துக் கொண்டு இருந்தான்" மூன்று. கதை ஓர் அடிகூட நகரவில்லை, கணக்கில் மட்டும் இரண்டு ஏறிவிட்டது. முதல் வாரம் ஒழுங்காகச் சேர்த்து எழுதுகிற கை, இருபதாம் தேதி இலக்குக்குப் பின்தங்கியதும் தானாகவே பிரிக்க ஆரம்பிக்கும். வேண்டி இருந்தது, போய் விட்டாள், சொல்லிக் கொண்டே இருந்தார். பிறகு திருத்த உட்காரும்போது இப்படி நூற்றுக்கணக்கில் கிடக்கும். ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டும் முழுக்கத் தப்ப முடியாது. "போய் விட்டாள்" என்பது சில இடத்தில் ஒரே வினை, சில இடத்தில் போய் எதையோ விட்டாள் என்ற இரண்டு வினை. ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் தீரவேண்டும்.

இலக்கே ஆங்கிலத்துக்காக வைத்தது. "வீட்டிலிருந்தபோது" என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதற்கு அங்கே ஐந்தாறு சொல் வேண்டும். ஆக, தமிழில் 50,000 என்றால் அவர்களைவிட நிறையக் கதை எழுதியாக வேண்டும். தட்டச்சு நேரமும் அப்படியே. நிமிடத்துக்கு 15 சொல் அடிப்பவருக்கு 1,667 சொல்லை அடிக்க மட்டும் 111 நிமிடம் ஆகும். யோசிக்கிற நேரம் தனி. முதல்முறை எழுதுபவருக்கு 36,000, அதாவது நாளுக்கு 1,200 போதும். அதைவிட நல்ல வழி, சொல்லை விட்டுவிட்டுக் காட்சியை எண்ணுவது: 30 நாளைக்கு 30 காட்சி. அக்டோபரிலேயே காட்சிக்கு ஒரு வரியாக, யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்று குறித்துவையுங்கள்.

அந்தக் குறிப்பு இல்லாதவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் விழுகிறார்கள். மனதில் வைத்திருந்த தொடக்கம் எட்டாம் நாளுக்குள் தீர்ந்துபோகும். பாத்திரங்கள் டீ குடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பார்கள். அப்போது வரிசையை விட்டுவிடுங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு பிற்பகுதிக் காட்சிக்குத் தாவுங்கள். நடுவில் விட்டதை "இங்கே அண்ணனோடு சண்டை" என்று சதுர அடைப்புக்குள் ஒரு வரி போட்டால் போதும். பாதியில் ஒரு பாத்திரத்தின் பெயரையோ வேலையையோ மாற்றத் தோன்றினால் பின்னால் போய்த் திருத்தாதீர்கள். அந்த இடத்திலிருந்து மாற்றி எழுதிக்கொண்டு போங்கள், மாற்றத்தைத் தனிக் கோப்பில் குறியுங்கள். நாளுக்கொரு கோப்பு, பெயரில் தேதி, வேறோர் இடத்தில் ஒரு நகல். இதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள்.

இத்தனை தொல்லைக்கு என்ன கிடைக்கிறது? நல்ல வாக்கியம் கிடைக்காது. கடைசி மூன்றிலொரு பகுதி பெரும்பாலும் கதைச்சுருக்கம்போலத்தான் வரும். ஆனால் பதினெட்டாம் நாள் வாக்கில் ஒன்று நடக்கும். எழுதியதை உடனே அழிக்கத் துடிக்கிற மனசு அலுத்து ஒதுங்கிக்கொள்ளும். துணைப்பாத்திரம் ஒன்று திட்டத்தில் இல்லாததைச் செய்துவிடும், இந்த நாவல் உண்மையில் யாருடைய கதை என்று அப்போதுதான் தெரியும். முதல் அத்தியாயத்தையே மூன்று வருஷமாகச் செதுக்கிக்கொண்டிருப்பவர்களுக்கு இது வாய்ப்பதே இல்லை. இந்த ஒன்றுக்காகவே மாதம் முழுவதையும் கொடுக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், 50,000-ஐத் தொட்டே தீருவேன் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு இதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. அந்த எண் தமிழ் உரைநடையைக் கெடுக்கிறது, அதைச் சரிசெய்ய இன்னொரு மாதம் போகிறது. வேர்ட் கவுண்டைத் திரையிலிருந்து மறைத்துவைக்க முடிந்தவர்கள் மட்டும் நவம்பர் 1 அன்று உட்காருங்கள். முடித்த பிரதியைக் குறைந்தது ஆறு வாரம் திறக்காதீர்கள். ஜனவரி நடுவில் அச்செடுத்து, கையில் பேனா இல்லாமல் ஒருமுறை படியுங்கள். பிரிந்து கிடக்கும் சொற்களை இரண்டாம் வாசிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.