வள்ளத்துக்கு பாட்டு செற் பூட்டக் கொடுக்கிறவர்கள் ஒருக்கால் வாசியுங்கள்

போன வைகாசியில் நடந்தது. எழுதுவதா விடுவதா என்று இழுத்தடித்துக்கொண்டே இருந்தேன், போன கிழமை அளம்பில் பக்கத்துப் பொடியன் ஒருவன் அதே ஆளிடம் தன்ர வள்ளத்தைக் கொடுக்கப் போகிறான் என்று கேள்விப்பட்டதும் இனி வாயைப் பொத்திக்கொண்டிருக்க ஏலாது என்று ஆகிவிட்டது. கடையின் பெயரைப் போடவில்லை. ஏ9 வீதியோரம் பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் சவுண்ட் பூட்டுகிற ஒரு கடை, அவ்வளவுதான்.

எங்களுடையது முல்லைத்தீவுக் கரையில் நிற்கிற பைபர் வள்ளம். தொழிலுக்குப் போகாத நாளில் வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றுவோம். அப்படி வந்த சித்தப்பா மகன், அடுத்த முறை பாட்டோடு போகவேண்டும் என்று சொல்லி, படகுக்கென்றே செய்த ஒலியைப் பெருக்கி இரண்டு வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்புகிற இரண்டு சனல் அம்ப் ஒன்றையும் நாலு ஸ்பீக்கரையும் கனடாவிலிருந்து கொண்டுவந்து தந்தான். ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் 4 ஓம் (ஓம் என்றால் மின்சாரத்தைத் தடுக்கிற அளவு, அது குறையக் குறைய அம்ப்புக்குச் சுமை கூடும்). அம்ப்பின் அடியில் அவனுடைய மகள் ஒரு முயல் ஸ்ரிக்கர் ஒட்டி வைத்திருந்தாள், நானும் அதை உரிக்கவில்லை.

கடைக்காரர் வாடிக்கே வந்து பூட்டினார். கூலி 12,000 ரூபா, "கப்பலுக்குப் போடுகிற வயர்" என்று அதற்கு வேறு 14,000. பின்னேரம் போட்டுக் காட்டினார் பாருங்கள், கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள், எனக்கும் புளுகம் தாங்கவில்லை, காசை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

இருபது நிமிஷம் பாடியது. பிறகு அம்ப்பில் சிவப்பு லைற் எரிந்து சத்தம் நின்றது. ஆற விட்டால் பாடும், திரும்ப நிற்கும். கூப்பிட்டால் வந்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது குளிர் நாட்டுச் சாமான், எங்கட வெயிலுக்கு நிக்காது, உள்ளுக்குக் கருகிப்போச்சு" என்றார். 5,000 கழித்துக்கொண்டு அதை எடுத்துவிட்டு, தன்னிடமிருந்த வேறொரு அம்ப்பை 24,000 என்று பூட்டிவிட்டுப் போனார். புதியதுக்குச் சிவப்பு லைற்றும் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் கருகல் மணத்தோடு அது செத்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த கிழமை இரவு கடலில் நிற்கும்போது காலடியில் ரப்பர் எரிகிற மணம். ரோச் அடித்துப் பார்த்தால் பற்றறியிலிருந்து போகிற வயரின் தோல் உருகி வழிகிறது, அதற்கு ஒரு முழம் தள்ளி மண்ணெண்ணெய்க் கான். அத்தான் கையில் சாரத்தைச் சுற்றிக்கொண்டு வயரைப் பிய்த்தெறிந்தார். வற்றாப்பளையில் அம்மாளாச்சி உப்புத் தண்ணீரில் விளக்கு எரிக்கிறா, நாங்கள் உப்புத் தண்ணீரில் வயர் எரித்தோம் என்று இப்போது சொல்லிச் சிரிக்கிறார். அன்றைக்கு ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

கிளிநொச்சியில் ரேடியோ திருத்துகிற தெரிந்த தம்பி ஒருவரைக் கூட்டிவந்து எல்லாவற்றையும் கழற்றினோம். அப்போதுதான் விஷயம் விளங்கியது. நாலு ஸ்பீக்கரையும் சமாந்தரமாக ஒன்றாய்க் கொழுவி, அம்ப்பின் இரண்டு சனலையும் பிறிட்ஜ் பண்ணி, அதாவது ஒரே சனலாகச் சேர்த்து, அதில் மாட்டியிருந்தார். 4 ஓம் நாலு சமாந்தரமாகப் போனால் மிஞ்சுகிறது 1 ஓம். கனடா அம்ப்பின் புத்தகத்தில் தெளிவாகவே போட்டிருக்கிறது, தனித்தனி சனலுக்கு 2 ஓமுக்குக் குறையக்கூடாது, பிறிட்ஜ் பண்ணினால் 4 ஓமுக்குக் குறையக்கூடாது என்று. கனடா அம்ப் கருகவே இல்லை, தன்னைக் காப்பாற்றத்தான் நின்று நின்று பாடியிருக்கிறது. சனலுக்கு இரண்டு ஸ்பீக்கராகப் பிரித்திருந்தால் பக்கத்துக்கு 2 ஓம், வேலை முடிந்தது, ஒரு சதம் கூடச் செலவில்லை. ஓட்டோவுக்கு நாள் முழுக்கச் செற் பூட்டுகிற ஆளுக்கு இந்தக் கணக்குத் தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

அடுத்தது வயர். படகுக்கு வேண்டியது வெள்ளீயம் பூசின செம்பு வயர், வெளியே வெள்ளையாக இருக்கும், கத்தியால் சுரண்டினால் உள்ளே சிவப்பாகச் செம்பு தெரியும். எங்களுக்குப் போட்டது நேர்மாறு, வெளியே சிவப்பு, சுரண்டினால் உள்ளே வெள்ளை. அதாவது அலுமினியத்துக்குச் செம்பு முலாம். தம்பி ஒரு இழையை இரண்டு தரம் மடித்தார், பட்டென்று முறிந்தது. இதைத்தான் 14,000 ரூபாவுக்குக் கப்பல் வயர் என்று தந்திருக்கிறார். சந்துகளை முறுக்கி மேலே வெறும் கறுப்பு ரேப் சுற்றியிருந்தார், பிரித்தால் உள்ளே உப்புப் பூத்து சாம்பல் மாதிரிக் கொட்டியது, சூடேறினதும் அந்த இடத்தில்தான். பற்றறிப் பக்கம் பியூஸே இல்லை. பியூஸ் பற்றறியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கவேண்டும், அப்போதுதான் வயர் எங்கே உரசினாலும் முதலில் அது போகும் என்று தம்பி சொன்னார்.

இன்னொன்று, அணியத்துப் பக்கத்து ஸ்பீக்கரைத் திசைகாட்டிக்குப் பக்கத்திலேயே திருகியிருந்தார். ஸ்பீக்கருக்குப் பின்னால் இருப்பது பெரிய காந்தம் அல்லவா, அதைக் கழற்றி தூர வைத்ததும் ஊசி என் கண் முன்னால் திரும்பி வேறு பக்கம் நின்றது. இரண்டு கிழமையாக அந்தத் திசைகாட்டியை நம்பித்தான் போய் வந்தோம். ஜிபிஎஸ் இருந்தபடியால் தப்பினோம்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "கடல் தண்ணி பட்டா நாங்கள் பொறுப்பில்லை" என்றார். வள்ளத்துக்குக் கடல் தண்ணி படாமல் வேறு என்ன தண்ணி படும்? ரசீதும் இல்லை, காசு திரும்பி வரவும் இல்லை.

போன மாதம் பரந்தன் சந்தியில் ஒரு ஓட்டோவில் ஏறினேன். சீற்றுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு அம்ப், நல்லாய்த்தான் பாடிக்கொண்டிருந்தது. இறங்கும்போது குனிந்து பார்த்தேன், அடியில் பாதி உரிந்த முயல். எங்கே வாங்கினது என்று கேட்டேன், அதே கடைதான், 35,000 கொடுத்தானாம். அவனிடம் என்ன சண்டை பிடிக்கிறது. "நல்ல சாமான் தம்பி, ஒரு பக்கத்துக்கு இரண்டு ஸ்பீக்கருக்கு மேல் கொழுவிவிடாதே" என்று சொல்லிவிட்டுக் காசைக் கொடுத்து இறங்கினேன்.